ஹார்மோன் மாத்திரையை விழுங்காமல் வேறு வழியில் எடுத்தால் என்ன ஆகும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழுங்க வேண்டிய ஹார்மோன் மாத்திரையைச் சிலர் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிறார்கள். சிலர் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். யோனிக்குள் வைப்பவர்களும், ஆசனவாய் வழியாக எடுப்பவர்களும், பொடித்துத் தண்ணீரில் கலந்து குடிப்பவர்களும் உண்டு. இதனால் பலன் கூடுமா, இது பாதுகாப்பானதா?

எந்த ஹார்மோன் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு ஹார்மோனுக்கு நல்ல வழியாக இருப்பது இன்னொன்றுக்கு வெறும் வீண் வேலை, மூன்றாவதற்கு ஆபத்து. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று மட்டும் சொல்லலாம்: மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் மில்லிகிராம், அந்த மாத்திரைக்குச் சொல்லப்பட்ட வழியில் எடுத்தால் மட்டுமே பொருந்தும். வழியை மாற்றிய அந்த நிமிடமே அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடுகிறது.

குடல் உறிஞ்சிக்கொள்ளும் மருந்து நேராக உடம்புக்குள் பரவுவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கிருந்துதான் மற்ற இடங்களுக்குப் போகிறது. சுங்கச்சாவடி மாதிரிதான் இது, ஆனால் இங்கே வசூல் மருந்துக்கு மருந்து வேறுபடும். தைராக்சின் மாத்திரையில் 60 முதல் 80 சதவீதம் வரை உள்ளே போய்ச் சேருகிறது. ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோனான எஸ்ட்ரடையாலில் சுமார் 5 சதவீதம்தான் அதே வடிவத்தில் ரத்தத்தை எட்டுகிறது. மீதியில் பெரும்பகுதியைக் குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து எஸ்ட்ரோன் போன்ற பலம் குறைந்த பொருள்களாக மாற்றிவிடுகின்றன. நாக்குக்கு அடியிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் யோனியிலும் இருக்கும் ரத்தக் குழாய்கள் இந்தச் சாவடியைத் தொடாமல் போகின்றன. ஆசனவாய் அரைகுறை: கீழ்ப்பகுதி ரத்தம் கல்லீரலைத் தவிர்க்கும், மேல்பகுதி ரத்தம் கல்லீரலுக்கே போகும். மருந்து எவ்வளவு உயரத்தில் தங்குகிறது என்பதைப் பொறுத்து, ஒரே ஆளுக்கே ஒரு நாள் போல் இன்னொரு நாள் இருக்காது.

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் எஸ்ட்ரடையால் எடுப்பவர்கள்தான். மாதவிடாய் நின்ற பெண்கள், திருநங்கைகள், கருத்தரிப்புச் சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எஸ்ட்ரடையால் மாத்திரையை விழுங்கினால் ரத்த அளவு மெதுவாக ஏறி, பல மணி நேரம் கிட்டத்தட்ட சமமாக நின்று, மெதுவாக இறங்கும். அதே மாத்திரையை நாக்குக்கு அடியில் கரைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அளவு விருட்டென்று ஏறும். விழுங்கும்போது எட்டும் உச்சத்தைப் போல மூன்று நான்கு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல். பிறகு சில மணி நேரத்திலேயே சரசரவென்று இறங்கிவிடும். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் விழுங்குவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உடம்புக்குப் போகிறது, உண்மைதான். "பலன் கூடும்" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தக் கூடுதல் ஏற்ற இறக்கத்தோடு வருகிறது. உச்சத்தில் தலைவலியும் மார்பகக் கனமும் வரலாம். இறங்கும் நேரத்தில், எதற்காக மருந்து எடுக்கிறோமோ அந்த உடல் சூடும் வியர்வையும் எட்டிப்பார்க்கலாம். ஹார்மோன் ஏறி இறங்கும்போது ஒற்றைத் தலைவலி வருகிறவர்களுக்கு இது நல்ல வழியே அல்ல. இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கத்தான் நாள் அளவைப் பிரித்து இரண்டு, மூன்று, சிலர் நான்கு வேளையாகவும் கரைக்கிறார்கள். மொத்த அளவையும் காலையில் ஒரே தடவையாகக் கரைப்பதைவிட இது மேல்.

வாயில் வைப்பதெல்லாம் உண்மையில் வாயின் உள்சுவர் வழியாகவே உள்ளே போவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எச்சில் ஊறும், நாம் விழுங்குவோம், மருந்தில் ஒரு பங்கு வயிற்றுக்குப் போய் வழக்கம்போலக் கல்லீரலைப் பார்த்துவிட்டுத்தான் வரும். எவ்வளவு வாயில் தங்கியது, எவ்வளவு வயிற்றுக்குப் போனது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. நுண்பொடியாக்கிய எஸ்ட்ரடையால், மேல்பூச்சு இல்லாத மாத்திரையாக இருந்தால் வாயில் கரையும். எஸ்ட்ரடையால் வேலரேட் மாத்திரைகள் பலவற்றுக்கு மேல்பூச்சு உண்டு. அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அதை மெதுவாக விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாயில் புண் இருந்தால் எரிச்சல் வரும், உறிஞ்சும் அளவும் மாறும். அப்புறம், கரையும் நேரத்தில் காபி, தண்ணீர், சிகரெட் எதுவும் கூடாது.

இனி ரத்தப் பரிசோதனை. பலர் ஏமாந்துபோகும் இடம் இது. நாக்குக்கு அடியில் எடுத்து ஒரு மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தால் எண் பயமுறுத்தும். அடுத்த வேளைக்குச் சற்று முன்பு கொடுத்தால் மருந்தே எடுக்காதவர் போலத் தெரியும். இரண்டும் அதே ஆள், அதே மாத்திரை. முதல் எண்ணைப் பார்த்து மருத்துவர் அளவைக் குறைப்பதும், இரண்டாவதைப் பார்த்துக் கூட்டுவதும் நடக்கக்கூடியதுதான். நாக்குக்கு அடியில் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே வைக்கும் பொறி இது. கடைசி வேளை எத்தனை மணிக்கு, எந்த வழியில் என்ற இரண்டையும் பரிசோதனைச் சீட்டிலேயே எழுதிவிடச் சொல்வேன். பொதுவாக அடுத்த வேளைக்கு முன்பான அளவே ஒப்பிட உதவும், ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில் கொடுத்தால்.

ரத்தம் உறைதலுக்கு வருவோம். கல்லீரலைத் தவிர்த்தால் கால் ரத்தக் குழாயிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டு வரும் ஆபத்து குறையும் என்பதுதான் மாற்று வழிகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய காரணம். இதன் அடிப்படை உண்மை. விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் கல்லீரலை அடர்த்தியாகப் போய்ச் சேருவதால் உறைதலுக்கான புரதங்களை அது கூடுதலாகச் சுரக்கிறது. பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்வின் முடிவுகள் 2003-லும் 2007-லும் வந்தன. மாதவிடாய் நின்ற பெண்களில் ஈஸ்ட்ரோஜனை விழுங்கியவர்களுக்கு ரத்தக்கட்டு ஆபத்து மூன்று நான்கு மடங்காகத் தெரிந்தது. தோல்வழியாக எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. 2019-ல் பிரிட்டனின் பெரிய மருத்துவப் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வில் விழுங்குபவர்களின் ஆபத்து அதைவிடக் குறைவான மடங்காகத் தெரிந்தாலும், தோல்வழிக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதில் மாற்றமில்லை.

ஆனால் இந்த நல்ல பெயர் தோலில் ஒட்டும் பேட்சுக்கும் தடவும் ஜெல்லுக்கும் கிடைத்தது. நாக்குக்கு அடியில் கரைக்கும் மாத்திரைக்குக் கிடைத்தது அல்ல. அந்த வழியில் ஒரு பங்கு வயிற்றுக்குப் போகிறது, உச்சமும் பல மடங்கு ஏறுகிறது. "தோல்வழி பாதுகாப்பு, நாக்கும் கல்லீரலைத் தவிர்க்கிறது, ஆகவே நாக்கும் பாதுகாப்பு" என்ற கணக்கு கேட்க நன்றாக இருக்கும்; அதை நிரூபிக்கும் அளவுக்கு ரத்தக்கட்டுகளை எண்ணிப்பார்த்த ஆய்வு அந்த வழிக்கு இல்லை. திருநங்கைகளுக்கான சிகிச்சை வழிகாட்டுதல்களிலும் ஒரே குரல் இல்லை. ஹார்மோன் மருத்துவ வல்லுநர்களின் சங்கமான என்டோகிரைன் சொசைட்டியின் 2017 பட்டியலில் விழுங்கும் மாத்திரை, பேட்ச், ஊசி இருக்கின்றன. நாக்குக்கு அடியில் என்று இல்லை. திருநர் நலத்துக்கான உலக மருத்துவச் சங்கமான டபிள்யூபாத் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் எட்டாம் பதிப்பில், விழுங்குவதும் நாக்குக்கு அடியில் வைப்பதும் ஒரே வரியில், ஒரே அளவில், நாளுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன உச்சத்தை நினைத்தால் அந்த ஒரே வரி எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ஆக, என் கருத்து இது. ஒருவருக்கு விழுங்கும் வழி சரிப்படாது, காரணம் ரத்தக்கட்டு பயம் என்றால், மாத்திரையை வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பதைவிடப் பேட்ச் அல்லது ஜெல்லுக்கு மாறுவதே நேர்மையான தீர்வு. அது கிடைக்காத நிலையில், மருத்துவர் அறிந்து, அளவைப் பிரித்து நாக்குக்கு அடியில் எடுப்பதை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

இதில் ஒரு விதிவிலக்கு மிக முக்கியம். கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் இருப்பது எஸ்ட்ரடையால் அல்ல, எத்தினைல் எஸ்ட்ரடையால். பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தின் இன்ஹோஃபனும் ஹோல்வெக்கும் 1938-ல் உருவாக்கியது. கல்லீரல் எளிதில் சிதைக்க முடியாதபடி அதன் வடிவம் மாற்றப்பட்டிருக்கிறது. அதனால்தான் மைக்ரோகிராம் கணக்கில் எடுத்தாலே வேலை செய்கிறது. சிதையாமல் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால் எந்த வழியில் உள்ளே போனாலும் திரும்பத் திரும்பக் கல்லீரலைத் தொட்டு உறைதல் புரதங்களைக் கூட்டும். யோனி வளையமாக வந்தாலும், பேட்சாக வந்தாலும் ரத்தக்கட்டு எச்சரிக்கை அதற்கு அப்படியே இருக்கிறது. ஆகவே கருத்தடை மாத்திரையை வேறு வழியில் எடுத்து ஆபத்தைக் குறைக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பலன் குறைந்து கர்ப்பம் தரிக்கவும் வாய்ப்புண்டு. விழுங்கி 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரையை விழுங்க வேண்டும். அந்த மாத்திரையையும் வேறு எங்கும் வைக்கக் கூடாது.

யோனிவழிக்கு வருவோம். மாதவிடாய் நின்ற பிறகு வரும் யோனி வறட்சிக்கென்றே எஸ்ட்ரடையால் வில்லைகள் இருக்கின்றன. அவற்றின் அளவு 10 மைக்ரோகிராம். விழுங்கும் மாத்திரை 1 அல்லது 2 மில்லிகிராம். 2 மில்லிகிராம் மாத்திரையை "இதுவும் எஸ்ட்ரடையால்தானே" என்று யோனிக்குள் வைத்தால் அந்த வில்லையைப் போல 200 மடங்கு வைத்ததாகிறது. யோனிச் சுவர் நன்றாக உறிஞ்சும், கல்லீரல் குறுக்கே வராது, ரத்த அளவு எங்கோ போய்விடும். கருத்தரிப்பு மையங்களில் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்க விழுங்கும் மாத்திரையையே யோனிவழியாகக் கொடுப்பது உண்டு. அங்கே ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், அதுவும் சில வாரங்களுக்குத்தான். வறட்சிக்காக வீட்டில் மாதக்கணக்கில் செய்யும் காரியம் அல்ல அது.

புரோஜெஸ்ட்டிரோன் இதற்கு நேர் எதிரான கதை. வேறு வழி என்பது இங்கே முழுக்க முறையான மருத்துவம். விழுங்கினால் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்தை எட்டுகிறது. கல்லீரலில் உடைந்து உருவாகும் ஒரு பொருள் மூளையில் தூக்க மருந்து போல வேலை செய்வதால் தலை கிறுகிறுக்கும், தூக்கம் வரும். அதனால்தான் படுக்கப்போகும்போது எடுக்கச் சொல்கிறார்கள். யோனிவழியாக வைத்தால் ரத்த அளவு பெரிதாக ஏறாவிட்டாலும் கருப்பைக்கு நேராகப் போய்ச் சேருகிறது, தூக்கக் கலக்கமும் குறைவு. பல நாடுகளில் அதே கேப்சூலை இரண்டு வழிக்கும் அங்கீகரித்திருக்கிறார்கள். யோனி, ஆசனவாய் இரண்டிலும் வைக்கும்படி தயாரித்த வில்லைகளும் உண்டு. சில கேப்சூல்களில் வேர்க்கடலை எண்ணெய் இருக்கும், ஒவ்வாமை உள்ளவர்கள் பொருள் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். புரோஜெஸ்ட்டிரோன் போல வேலை செய்யும் செயற்கை மருந்துகளான டைட்ரோஜெஸ்ட்ரோன், நோரெதிஸ்டெரோன் போன்றவற்றுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அவை விழுங்கும்படியே செய்யப்பட்ட வேறு பொருள்கள்.

கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் அதன் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அமெரிக்காவில் நடந்த பெபி ஆய்வில் மூன்று ஆண்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த பெண்களில் 62 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகைத் தடிப்பு வந்தது. அதைத் தடுக்கத்தான் கூடவே புரோஜெஸ்ட்டிரோன். ஈஸ்ட்ரோஜனை உச்சம் தரும் வழிக்கு மாற்றிவிட்டு புரோஜெஸ்ட்டிரோனைப் பழைய அளவிலேயே விட்டால் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. புரோஜெஸ்ட்டிரோன் கிரீமைத் தோலில் தடவிக்கொண்டு "நானும் எடுக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இன்னும் மோசம். கருப்பையைக் காக்கும் அளவுக்கு அது உள்ளே போவதில்லை. எதிர்பாராத ரத்தப்போக்கு வந்தால் வழி மாற்றியதைச் சொல்லி உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

தைராய்டு மாத்திரைக்கு நாக்குக்கு அடியில் வைப்பதால் எந்த லாபமும் இல்லை. அது சிறுகுடலில் உறிஞ்சப்படும் மருந்து, கல்லீரல் அதைப் பெரிதாகத் தொடுவதும் இல்லை. அதன் எதிரி வயிற்றில் கூடவே போகும் பொருள்கள்: காபி, சோயா, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துச் சாப்பிடுங்கள். கால்சியத்துக்கும் இரும்புக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். காலையில் முடியாதவர்களுக்கு, சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து இரவு படுக்கும்போது எடுப்பது உண்மையாகவே நல்ல மாற்று. 2010-ல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில் அது காலை வேளையைவிட நன்றாகவே வேலை செய்தது. குழந்தைகளுக்குப் பொடித்து ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீரில் கலந்து உடனே கொடுக்கலாம், கலந்து எடுத்து வைக்கக் கூடாது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால் ஒரு வேளை தவறினால் பதற வேண்டியதில்லை.

அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசோல் ஹார்மோனின் குறைபாட்டுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர்கள்தான் பதற வேண்டியவர்கள். வாந்தி வந்து மாத்திரை தங்கவில்லை என்றால் அதை நாக்குக்கு அடியில் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண்ணுக்கென்று விற்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் வில்லை இதற்கு மாற்று அல்ல. பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியது 100 மில்லிகிராம் ஊசி, அப்புறம் நேராக மருத்துவமனை. அந்த ஊசியும் அதைப் போடத் தெரிந்த ஒருவரும் வீட்டில் இருப்பது நல்லது.

வழி மாறினால் அளவு மாறும் என்பதை மருந்து நிறுவனங்களே ஒப்புக்கொள்ளும் இடங்களும் உண்டு. சிறுநீர் அளவைக் குறைக்கும் டெஸ்மோபிரசினின் விழுங்கும் மாத்திரை 200 மைக்ரோகிராம் என்றால், நாக்குக்கு அடியில் கரையும் வில்லை 120 மைக்ரோகிராம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றி எடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு வடிவமான டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் கேப்சூல் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால்தான் நிணநீர் வழியாகக் கல்லீரலைத் தாண்டிப் போகும். வெறும் வயிற்றில் எடுத்தால் பெரும்பாலும் வீண். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் செமாக்ளூட்டைட் மாத்திரை இதற்கு நேர்மாறு: வெறும் வயிற்றில், 120 மில்லிலிட்டருக்கு மேல் போகாத தண்ணீரோடு, முழுதாக விழுங்கி அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அவ்வளவு செய்தும் ஒரு சதவீத அளவுதான் உள்ளே போகிறது. அதை உடைத்தாலோ நாக்கில் கரைத்தாலோ அந்த ஒன்றும் போய்விடும்.

உடைப்பது, பொடிப்பது பற்றி: நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரையைப் பாதியாக உடைக்கலாம். மெதுவாக மருந்தை விடும் மாத்திரையையும், குடலில் கரையும்படி பூச்சு போட்டதையும் உடைக்கக் கூடாது. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் ஹார்மோன் மாத்திரையைப் பொடிக்கும் வேலையை அவர்களிடம் கொடுக்க வேண்டாம். மாத்திரையைப் பொடித்து கிரீமில் குழைத்துத் தடவுவது வீண். எவ்வளவு உள்ளே போகும் என்பதற்குக் கணக்கே இல்லை, குழந்தைகளைத் தூக்கும்போது அவர்கள் தோலிலும் ஒட்டும். முறையான டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லே இப்படிக் குழந்தைகள் மேல் பட்டு, முன்கூட்டியே பருவமடையும் அறிகுறிகள் வந்ததால் 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. மாத்திரையில் மருந்தைத் தவிர இருக்கும் டால்க்கும் செல்லுலோஸும் ரத்தத்தில் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். சுத்தமான தண்ணீர், புதிய ஊசி எதுவும் அதைச் சரிசெய்யாது.

ஏற்கெனவே வேறு வழியில் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். திடீர் நிறுத்தத்துக்கும் தனித் தொல்லைகள் உண்டு. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த வழி, எந்தெந்த மணிக்கு என்று எழுதிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். இடையில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் மரத்துப் பேச்சு குழறினாலோ அந்தச் சந்திப்புக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். என்ன ஹார்மோன், எப்படி எடுக்கிறீர்கள் என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.